சென்செக்ஸ் 72,000 ஆகிவிட்டது. உங்கள் கையில் எத்தனை ரூபாய் ஆயிற்று?

மஞ்சக்குப்பம் வாத்தியார் | 29 டிசம்பர் 2023, மாலை 6.10

பங்குச் சந்தையில் இந்த ஆண்டின் கடைசி வர்த்தக நாள் முடிந்தது. சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் இரண்டு குறியீடுகளில் சென்செக்ஸ் 72,240. நிஃப்டி 21,731. இன்று சற்று இறங்கித்தான் முடிந்தது என்றாலும், புதன்கிழமை முதன்முறையாக 72,000க்கு மேல் நிலைகொண்டதிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும் கல்யாண வீட்டுக் களை.

நேற்று மாலை சில்வர் பீச்சில் நடந்துகொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற நண்பர்கள் மூவர் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் 40 சதவீதம் என்றார். அடுத்தவர் 65 என்றார். மூன்றாமவர், வருவாய்த் துறையில் இருந்தவர், "ஒரு பங்கில் மட்டும் 200" என்றதும் மற்ற இருவரும் சுண்டல் பொட்டலத்தில் கவனம் செலுத்தத் தொடங்கிவிட்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டு கணக்கு நடத்திய பாவத்துக்கு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. சதவீதம் என்றால், எதில்? அங்கே கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று முதல் தனியாகத்தான் நடக்க வேண்டும். இங்கே முகம் தெரியாது, ஆகவே கேட்கிறேன்.

மூன்று எண்களை எழுதுங்கள்: போட்டது எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு, வீட்டின் மொத்தச் சேமிப்பில் அது எத்தனையில் ஒரு பங்கு.

என்னுடையதை முதலில் வைக்கிறேன். 2020 ஏப்ரல் முதல் போட்டது 1,85,000. இன்று 4,12,000. சதவீதத்தில் 122. பெஞ்சில் சொல்லியிருந்தால் இரண்டாம் இடம் எனக்குத்தான். ஆனால் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 19 லட்சம் வங்கியில் வைப்புநிதியாகக் கிடக்கிறது. இதே காலத்தில் அது கொடுத்த வட்டி நாலரை லட்சத்துக்குச் சற்று மேல். பங்கு கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. அந்த வட்டியைப் பற்றி நான் இதுவரை ஒருவரிடமும் பெருமை பேசியதில்லை என்பது இன்று காலைதான் உறைத்தது.

சுரங்கம் இரண்டு | 29 டிசம்பர் 2023, இரவு 7.02

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். அந்த 200 சதவீதப் பங்கு எது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பங்காகத்தான் இருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் என்எல்சி (நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம்) 80 ரூபாயை ஒட்டி இருந்தது. இப்போது 250ஐ ஒட்டி நிற்கிறது.

நான் வாங்கியது 2013இல். மத்திய அரசு என்எல்சி பங்குகளை வெளியே விற்கப் போகிறது என்றதும் நெய்வேலியில் வேலைநிறுத்தம் நடந்தது நினைவிருக்கும். கடைசியில் தமிழக அரசின் நிறுவனங்களே 3.56 விழுக்காட்டை வாங்கிக்கொண்டன. அப்போது பங்கு ஏறத்தாழ 60 ரூபாய். அரசு வாங்குகிறதே, நாமும் வாங்கிப் பார்க்கலாம் என்று 300 பங்கு வாங்கினேன். போட்டது 18,000. இன்று 75,000. இடையில் பத்தாண்டு அது படுத்தே கிடந்தது. டிவிடெண்டு (லாபத்தில் நமக்குத் தரும் பங்கு) வரும், டீக்கடைக் கணக்கு தீரும், அவ்வளவுதான்.

இந்த மாதம் கேன்டீனில் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. "உனக்கென்னப்பா, அப்போதே வாங்கிவிட்டாய்" என்கிறார்கள். பத்தாண்டில் கிடைத்த லாபம் 57,000. என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. சேமிப்பில் எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டீர்கள். வருங்கால வைப்புநிதியோடு சேர்த்துப் பார்த்தால் ஐம்பதில் ஒன்றுகூடத் தேறாது.

லாஸ்பேட்டை தம்பி | 29 டிசம்பர் 2023, இரவு 7.31

பெரியவர்கள் எல்லாரும் அழுவதைப் பார்த்தால் ஏதோ சந்தை விழுந்துவிட்டது போல இருக்கிறது! நிஃப்டி ஓராண்டில் 20 சதவீதம். சிறு நிறுவனங்களின் ஸ்மால்கேப் 100 குறியீடு 50க்கும் மேல். டாடா டெக்னாலஜீஸின் புதுப் பங்கு வெளியீட்டுக்கு வீட்டில் ஐந்து பேர் பெயரில் விண்ணப்பித்தேன், அம்மா பெயரில் ஒன்று விழுந்தது. 30 பங்கு, தலா 500, மொத்தம் 15,000. நவம்பர் 30 அன்று 1,200இல் பட்டியலானது. அன்றே 1,300இல் விற்றேன். 24,000 லாபம். சேதராப்பட்டில் நான் ஒரு மாதம் இயந்திரத்தோடு நின்றால் வருகிற சம்பளம் அது. இதைக் கொண்டாடாமல் எதைக் கொண்டாடுவது?

முத்தியால்பேட்டை அக்கா | 29 டிசம்பர் 2023, இரவு 8.15

தம்பி, கொண்டாடுங்கள், நல்லது. ஆனால் நீங்கள் எழுதியது ஒரு எண். வாத்தியார் கேட்டது மூன்று. அந்த 24,000 இப்போது எங்கே இருக்கிறது?

என் கணக்கு: 2018 ஜூலையிலிருந்து மாதம் 3,000, நிஃப்டியைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை முதலீடு. போட்டது 1,98,000. இன்று 3,14,000. சேமிப்பில் நாலில் ஒன்று. நடுவில் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. கொரோனா நேரத்தில் போட்டதிலேயே ஒரு பகுதி கரைந்து நின்றபோதும் நிறுத்தவில்லை.

இதைச் சொன்னால் எல்லாரும் என்னைப் பெரிய மன உறுதிக்காரி என்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் வீடு சொல்தா வீடு. மாமனாருக்குப் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம், யூரோவில் வருகிறது. சந்தை பாதியாக விழுந்தாலும் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அதனால்தான் என்னால் பார்க்காமல் இருக்க முடிந்தது. தையல் கடை வருமானத்தை மட்டும் நம்பியிருந்தால் 2020 ஏப்ரலிலேயே எடுத்திருப்பேன். நவம்பரில் மட்டும் நாடு முழுவதும் எஸ்ஐபியில் 17,073 கோடி ரூபாய் வந்திருக்கிறதாம். அதைப் போட்டவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு சொல்தா இருக்கிறார் என்று யாராவது கணக்கெடுத்தால் தேவலை.

சேத்தியாத்தோப்பு | 29 டிசம்பர் 2023, இரவு 8.40

சுரங்கம் இரண்டு அவர்களுக்கு: பங்கு மூன்று மடங்கு ஆனதைச் சொன்னீர்கள். இதே ஆண்டு ஜூலையில்தான் மேல்வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லில் என்எல்சியின் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. இரண்டையும் ஒரே ஆண்டுக் கணக்கில் எழுதுங்கள்.

சுரங்கம் இரண்டு | 29 டிசம்பர் 2023, இரவு 8.52

எழுதத்தான் வேண்டும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அன்று இரவு என் மனைவி என்னோடு பேசவில்லை. அவள் பிறந்த ஊர் அந்தப் பக்கம். 300 பங்கை விற்றால் மட்டும் அது சரியாகிவிடுமா என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

நெறியாளர் | 29 டிசம்பர் 2023, இரவு 9.00

நிலம் எடுப்பு குறித்து ஏற்கெனவே தனி இழை ஓடுகிறது. அங்கே தொடருங்கள். இங்கே வாத்தியாரின் கேள்வி மட்டும்.

திருப்பாப்புலியூர் பழைய தரகர் | 29 டிசம்பர் 2023, இரவு 9.24

கணக்கு வாத்தியாரே தப்புக் கணக்குப் போட்டால் எப்படி ஐயா? 1.85 லட்சத்தையும் 19 லட்சத்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டு, பங்கு குறைவாகக் கொடுத்தது என்கிறீர்கள். அந்த 19இல் பாதியைப் பங்கில் போட்டிருந்தால்? வைப்புநிதி வட்டிக்கு ஆண்டுதோறும் வருமான வரி உண்டு என்பதையும் விட்டுவிட்டீர்கள். இன்னொன்று, நீங்கள் மொத்தமாகப் போடவில்லை, நாலாண்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டீர்கள். அதற்கு எக்ஸ்ஐஆர்ஆர் முறையில்தான், அதாவது ஒவ்வொரு தொகையையும் அது போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுத்தான், ஆண்டு வருவாய் பார்க்க வேண்டும். 122 என்பதே உங்களை நீங்களே குறைத்துச் சொல்வது.

ஏற்றத்துக்குக் காரணம் கேட்காமலே எல்லாரும் பேசுகிறார்கள். டிசம்பர் 3 ஞாயிறு அன்று நாலு மாநிலத் தேர்தல் முடிவு வந்தது. மறுநாள் சென்னை வெள்ளத்தில் நின்றபோது சென்செக்ஸ் ஒரே நாளில் 1,384 புள்ளி ஏறியது. 13ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கி, வரும் ஆண்டில் வட்டியைக் குறைப்போம் என்று சாடை காட்டியது. வெளிநாட்டுப் பணம் திரும்பி வந்தது. இவற்றில் எதுவும் கடலூரில் நடக்கவில்லை, நம் கையிலும் இல்லை.

லாரன்ஸ் சாலையில் எனக்கு ஒரு சிறிய அலுவலகம் இருந்தது. 2007 டிசம்பர் கடைசியில் சென்செக்ஸ் 20,287. படியில் செருப்புக் கழற்ற இடம் கிடையாது. ஜனவரி 8 அன்று 21,000ஐத் தொட்டபோது பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் லட்டு வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். ஜனவரி 21, ஒரே நாளில் 1,408 புள்ளி சரிவு. அந்த ஆண்டு 9,647இல் முடிந்தது. லட்டு கொடுத்தவரை அதற்குப் பிறகு நான் பார்த்தது ஒரு முறைதான், பாடலீஸ்வரர் கோயிலில். இருவரும் அம்மனைப் பார்த்துக்கொண்டே கடந்துவிட்டோம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அன்று 20,287இல் வாங்கி அப்படியே வைத்திருந்தவருக்கும் இன்று மூன்றரை மடங்கு. ஆனால் அப்படி வைத்திருந்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

மஞ்சக்குப்பம் வாத்தியார் | 29 டிசம்பர் 2023, இரவு 10.05

தரகர் ஐயா, வரி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, திருத்திக்கொள்கிறேன். பாதியைப் போட்டிருந்தால் என்கிறீர்களே, அதுதான் என் கேள்வியின் உயிர்நாடி. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610இல் முடிந்தது. அடுத்த வாரம் பத்தாயிரம் ரூபாயைத் தயங்கித் தயங்கிப் போட்டவன் நான். ஒன்பது லட்சம் போட்டிருந்தால் முதல் ஐந்நூறு புள்ளி சரிவிலேயே வங்கி வாசலில் நின்றிருப்பேன். குறைவாகப் போட்டேன், அதனால் தூக்கம் கெடவில்லை. தூக்கம் கெடாததால் விற்கவில்லை. விற்காததால் 122. போட்ட தொகை சிறிது என்பதால்தான் சதவீதம் பெரிது. பெஞ்சில் இருந்த மூவருக்கும் இதுதான் கதை என்று சந்தேகிக்கிறேன்.

பண்ருட்டி முந்திரி | 30 டிசம்பர் 2023, காலை 6.45

இன்று டிசம்பர் 30. எங்கள் பக்கத்தில் இந்தத் தேதிக்கு வேறு பெயர் உண்டு. 2011இல் இதே நாள் விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. என் தாத்தா வைத்த முந்திரி ஒன்றுகூட நிற்கவில்லை. பலா வேரோடு சாய்ந்து, வீட்டுக்குள் வருகிறேன் என்பதுபோல் திண்ணையில் தலை வைத்துக் கிடந்தது.

நேற்று இரவு இந்த இழையைப் படித்துவிட்டு அந்த நாளின் சந்தையைத் தேடிப் பார்த்தேன். அதுவும் ஆண்டின் கடைசி வர்த்தக நாள்தான். சென்செக்ஸ் 15,455. அந்த ஆண்டு முழுவதும் விழுந்து விழுந்து, மலிவாகக் கிடந்தது. அன்று ஒரு லட்சம் போட்டிருந்தால் இன்று நாலே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சரிதான். அன்று எங்கள் ஊரில் ஒரு லட்சம் யாரிடம் இருந்தது? மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. புதுக் கன்று நட்டு அது காய்க்கும்வரை மூன்று நாலு ஆண்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். மலிவாகும்போது வாங்கு என்று புத்தகம் சொல்கிறது. மலிவாக இருக்கும் நாளில் நம் கை காலியாக இருக்கிறது. கை நிறைந்திருக்கும் ஆண்டில் சந்தையும் உச்சியில் நிற்கிறது. இதற்கு எந்த எக்ஸ்ஐஆர்ஆர் உதவும்?

என் எண்கள்: பங்கில் பூஜ்யம். 2015இல் முதன்முதலாக வந்த தங்கப் பத்திரம் 20 கிராம், கிராம் 2,684 வீதம் 53,680 ரூபாய்க்கு வாங்கினேன். சென்ற மாதம் 30ஆம் தேதி முதிர்ந்தது. கிராமுக்கு 6,132 வந்தது. மொத்தம் 1,22,640. நடுவில் ஆண்டுக்கு 2.75 விழுக்காடு வட்டி. முதிர்வுத் தொகைக்கு வரியும் இல்லை. புயலில் நனையவும் இல்லை.

முத்தியால்பேட்டை அக்கா | 30 டிசம்பர் 2023, காலை 9.20

அண்ணா, நனைவது பற்றிச் சொன்னீர்கள். என் தோழியின் அப்பா பங்குகளைக் காகிதச் சான்றிதழாகவே தகரப் பெட்டியில் வைத்திருந்தார். தானே அன்று கூரை போய், பெட்டி முழுவதும் தண்ணீர். ஒட்டிக்கொண்ட காகிதங்களைப் பிரித்துக் கொடியில் உலர்த்தியிருக்கிறார்கள், அப்பளம் போல. அவர் இறந்தபின் இவள் நகல் சான்றிதழுக்கு அலைந்தாள். காவல் நிலையப் புகார், பிரமாணப் பத்திரம், வாரிசுச் சான்று என்று ஆண்டுக்கணக்கில். இப்போது டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) வாரிசு நியமனம் செய்யக் கெடுவை 2024 ஜூன் 30 வரை நீட்டித்திருக்கிறார்கள். நாளை முடிகிறது என்று பதறியவர்கள் நிம்மதியாகச் செய்யலாம். செய்யாமல் விடாதீர்கள்.

லாஸ்பேட்டை தம்பிக்கு நேற்று ஒரு கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை.

லாஸ்பேட்டை தம்பி | 30 டிசம்பர் 2023, இரவு 11.48

அக்கா, கடற்கரைச் சாலையில் புத்தாண்டுக் கூட்டம் இப்போதே அலைமோதுகிறது. நண்பர்கள் அழைத்தார்கள், போகவில்லை. அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அந்த 24,000 இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் ஆப்ஷனில் இறங்கினேன். டெலிகிராமில் ஒரு குழு, தினமும் காலையில் எந்தக் கால் (சந்தை ஏறும் என்று கட்டும் ஆப்ஷன்) வாங்குவது என்று போடுவார்கள். இரண்டு வாரத்தில் 19,000 வந்தது. சம்பளத்தை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். 20ஆம் தேதி புதன், அந்த வார ஆப்ஷன்கள் காலாவதியாகும் நாள். காலையில் சந்தை புதிய உச்சத்துக்குப் போனது. கையில் இருந்த அத்தனையையும் காலில் போட்டேன். மதியத்துக்கு மேல் சரிந்தது. சென்செக்ஸ் 931 புள்ளி. நான் மதிய ஷிப்டில் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தேன். தேநீர் இடைவேளையில் கைபேசியைத் திறந்தபோது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பு வந்த லாபம் போக, சேமிப்பிலிருந்தும் 38,000 போயிற்று. மறுநாளே சந்தை எழுந்துவிட்டது. என் ஆப்ஷன் எழவில்லை, அது முந்தைய நாளே செத்துவிட்டது.

ஆக, மூன்று எண்கள்: எல்லாச் சந்தையும் ஏறிய இந்த ஆண்டில் நான் 38,000 கீழே. சேமிப்பில் பாதி. அம்மாவுக்குத் தெரியாது. பங்கு வந்தது அவர் பெயரில் என்பதால், "என் ராசி" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருப்பாப்புலியூர் பழைய தரகர் | 31 டிசம்பர் 2023, காலை 7.10

தம்பி, இந்த இழையில் உண்மையான கணக்கு எழுதியவர் நீங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இந்த ஜனவரியில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22இல் பங்கு சார்ந்த எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 89 விழுக்காட்டினருக்கு நட்டம், சராசரி 1.1 லட்சம். நீங்கள் சராசரிக்குக் கீழேயே நின்றுவிட்டீர்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறேன். அந்தக் குழுவிலிருந்து வெளியேறினீர்களா?

லாஸ்பேட்டை தம்பி | 31 டிசம்பர் 2023, காலை 7.16

இன்னும் இல்லை.

லாஸ்பேட்டை தம்பி | 31 டிசம்பர் 2023, காலை 7.31

இப்போது வெளியேறிவிட்டேன்.

மஞ்சக்குப்பம் வாத்தியார் | 31 டிசம்பர் 2023, காலை 10.00

தம்பிக்கு ஒன்று மட்டும். அம்மாவிடம் இன்று சொல்லாதீர்கள், புத்தாண்டு கழியட்டும். ஆனால் பொங்கலுக்குள் சொல்லிவிடுங்கள். மறைத்த நட்டத்தை ஈடுகட்டத்தான் மனிதர்கள் இரண்டாவது முறை இறங்குகிறார்கள். சீட்டு விஷயத்தில் என் சொந்த அண்ணனிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

தரகர் ஐயா, விற்பதா வைப்பதா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. வழி சொல்லுங்கள்.

திருப்பாப்புலியூர் பழைய தரகர் | 31 டிசம்பர் 2023, பகல் 12.35

சந்தை எங்கே போகும் என்று கேட்டால் தெரியாது. வரியில் ஒரு வழி உண்டு. இந்த 2023-24 விதிப்படி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்றால், ஒரு நிதியாண்டில் 1 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 10 விழுக்காடு. இந்தச் சலுகை மார்ச் 31ஓடு அந்த ஆண்டுக்குக் காலாவதி. பணம் தேவையென்றால் அந்த அளவுக்கு விற்றுக்கொள்ளுங்கள். தேவையில்லையென்றால் விற்றுவிட்டு மீண்டும் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கிய விலை உயர்ந்துவிடும், பிற்பாடு வரி குறையும். எப்போது வாங்கியது என்று பார்த்து விற்க வேண்டும், முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்கு. ஓராண்டு ஆகாத பங்கென்றால் இதே 2023-24 விதிப்படி 15 விழுக்காடு.

என்ன தேவை என்று முதலில் வீட்டில் கேளுங்கள். அதை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறீர்கள்.

சுரங்கம் இரண்டு | 14 மார்ச் 2024, இரவு 8.20

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். நேற்று ஸ்மால்கேப் பங்குகள் அடித்த அடியைப் பார்த்துவிட்டு உங்கள் நினைவு வந்தது. எங்கள் பங்கின் கதையும் கேளுங்கள். 7ஆம் தேதி மத்திய அரசு தன் பங்கில் ஒரு பகுதியை விற்க வந்தது, குறைந்தபட்ச விலை 212. கேன்டீனில் "அப்போதே வாங்கிவிட்டாய்" என்றவர்கள் இப்போது "250இல் விற்றிருக்கலாமே" என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆட்கள். நான் விற்கவில்லை. மனைவி பேசத் தொடங்கிவிட்டாள், ஆனால் பங்கைப் பற்றி அல்ல.

லாஸ்பேட்டை தம்பி | 14 மார்ச் 2024, இரவு 8.55

பொங்கல் அன்று அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை, திட்டவும் இல்லை. "என் பெயரில் உள்ள கணக்கின் கடவுச்சொல்லைக் கொடு" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மாற்றியும் விட்டார். எனக்கு இப்போது அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

மஞ்சக்குப்பம் வாத்தியார் | 15 மார்ச் 2024, காலை 6.30

தம்பி, உங்கள் அம்மாவைப் பெஞ்சுக்குத் தலைவராகப் போடலாம்.

நான் வீட்டில் கேட்டேன். மனைவி ஒரு நொடிகூட யோசிக்காமல் மேலே கையைக் காட்டினாள். மொட்டைமாடிக் கசிவு. நாலு மழைக்காலமாகச் சமையலறையில் ஒரு குண்டான் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறோம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, போன மாதம் காரை ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. நான் தினமும் நிஃப்டியைப் பார்த்தேன், கூரையைப் பார்க்கவில்லை. சென்ற வாரம் பழைய பங்குகளில் 1,74,000 ரூபாய்க்கு விற்றேன். அதில் லாபம் 96,000, வரி இல்லை. மீதியை வைத்திருக்கிறேன். பெஞ்சில் ஒருவர் என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டார். கூரைக்கு விற்றேன் என்றேன், அவருக்குப் புரியவில்லை.

இப்போது ஒரு சந்தேகம். பழைய தளத்தைக் கொத்திவிட்டு சுர்க்கி (செங்கல் தூள் கலவை) போட்டு ஓடு பதிப்பதா, மேலேயே ரசாயனப் பூச்சு அடிப்பதா? கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் வீடு. கடலூரில் இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், சதுர அடிக்கு எவ்வளவு ஆயிற்று என்று எழுதுங்கள். சதவீதம் வேண்டாம்.